கிணற்றுக்குரலான்

ஆகஸ்ட் 4

நாத்தனாருக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க மனம் வரவில்லை. நான் ஐந்தாவதோடு நின்றவள், எழுத்து கோணலாகத்தான் வரும், கண்ணை இடுக்கிப் படித்துக்கொள். கீழ்வீட்டுத் தையல்காரியின் போனில் பேசியிருக்கலாம். பேசினால் நீ அழுவாய், நான் கத்துவேன், அவள் தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்பாள். அதனால் எழுதுகிறேன்.

உன் அண்ணனை அனுப்பிவைத்த அன்று நீ செய்த காரியத்தை மார்ச் மாதத்திலிருந்து விழுங்கிப் பார்க்கிறேன். இறங்கமாட்டேன் என்கிறது.

அந்த மண்டபத்தில் யார் எந்த நாற்காலியில் இருந்தார்கள் என்று இப்போது எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். முன்வரிசையில் என் மகன், மருமகள், பேத்தி. அடுத்த வரிசையில் எங்கள் லாண்டரி மேஸ்திரி, ஈரக்குடையை மடியில் வைத்துக்கொண்டு. அவருக்குப் பின்னால் பஸ் டிப்போ ஆட்கள். உன் அண்ணனோடு பஸ்ஸுக்கு அடியில் படுத்து வேலை பார்த்தவர்கள், எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் கிரீஸ் போகாதவர்கள். அவரை எடுத்துப்போகும் வண்டி வருவதற்குள் அவருக்குப் பிடித்த ஒரு பாட்டைப் போடவேண்டும் என்று கேட்டேன். நான் கேட்டது அவ்வளவுதான். எங்கள் வீட்டு ரெக்கார்டு மரப்பெட்டியைத் தூக்கிவர முடியாது என்று, சோல் பாட்டுப் போட்டு ஆடும் ராத்திரிகளுக்கு நீ எடுத்துப்போகும் புதுப் பெட்டியைக் கொண்டுவந்தாய். கிணற்றுக்குரலான் என்று நாங்கள் பெயர் வைத்த பாடகனின் இசைத்தட்டை என் கையால் உறையிலிருந்து எடுத்து உன்னிடம் கொடுத்தேன். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாய். "இதுவா அண்ணி?" என்றாய். "இதேதான், போடு" என்றேன்.

முள்ளை வைத்தாய். என்ன வந்தது? ஒரு சின்னப் பெண் குதித்துக் குதித்துப் பாடுகிறாள். உன் அண்ணன் அங்கே படுத்திருக்கிறார், இவள் மிட்டாய்க்கு அடம்பிடிக்கிற மாதிரி கீச்சுக்கீச்சென்று கத்துகிறாள். தையல்காரியின் மகள் முதலில் சிரித்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. டிப்போ ஆள் ஒருவர் காலால் தாளமே போட்டார், அவர் முகம் எனக்குத் தெரியும், சாகும்வரை மறக்கமாட்டேன்.

அன்று சாயங்காலம் "உங்கப்பன் பெட்டிய நீயே வெச்சிக்கோ" என்று உங்கள் வீட்டுப் பெட்டியைப் படியிறக்கி உன்னோடு அனுப்பினேன். பெட்டி போனால் போகட்டும். நீ மாற்றிவைத்துக்கொண்ட தட்டை அனுப்பு. பழைய ரெக்கார்டுக் கடை வைத்திருப்பவள் நீ, உன் பையில் நூறு தட்டு இருக்கும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். இப்போது என் உறைக்குள் உன் கீச்சுக்காரிதான் இருக்கிறாள். அவளை எடுத்துக்கொள், என் ஆளைக் கொடு.

உன் அண்ணன் மனைவி


ஆகஸ்ட் 13

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைக் கடையில் பிரித்தேன். ஆட்கள் இருந்தார்கள். படித்துவிட்டுப் பின்னறைக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன்.

நான் தட்டை மாற்றவில்லை. அந்தத் தட்டை உங்கள் இருவருக்கும் அனுப்பியவளே நான்தான். உங்கள் திருமண நாளுக்கு அனுப்பி ஏழு வருடம் ஆகிறது. பச்சை லேபிள், நடுவில் ஒரு புறா. நீங்கள் என் கையில் கொடுத்ததும் பச்சை லேபிள் புறாத் தட்டுதான். பாடியது பதினாறு வயதுப் பெண். ஒரே ஒரு தட்டுக்குப் பாடிவிட்டுக் காணாமல் போனவள். எங்கள் கூட்டத்தில் இப்படிப்பட்டவர்கள் என்றால் பித்துப்பிடித்துப்போய்த் தேடுவார்கள்.

"நீ அனுப்பின ஆள் என்னமா பாடுறான்" என்று அண்ணன் அப்போதே எழுதியிருந்தார். கிணற்றுக்குரலான் என்று பெயரும் வைத்துவிட்டதாக எழுதினார். வேறு ஏதோ தட்டைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அதனால்தான் மண்டபத்தில் "இதுவா?" என்று கேட்டேன். இன்னொரு தரம் கேட்டிருக்க வேண்டும். உங்கள் முகத்தைப் பார்த்ததும் முள்ளை வைத்துவிட்டேன்.

நீங்கள் மனதில் வைத்திருப்பதைச் சொல்லிவிட்டீர்கள். நானும் ஒன்று வைத்திருக்கிறேன். கடைசி இரண்டு வருடம் அண்ணன் என்னோடு பேசவே இல்லை. தையல்காரி வீட்டுக்கு எத்தனை முறை போன் போட்டேன். ஒவ்வொரு முறையும் நீங்கள்தான் இறங்கிவந்தீர்கள். "தூங்குறார்", "வெளிய போயிருக்கார்", மறுபடியும் "தூங்குறார்". நான் என்ன தப்பு செய்தேன் என்று யோசித்தே இளைத்துப்போனேன். தொண்டையில் நோய் என்பதே அவர் போன பிறகுதான் எனக்குத் தெரியும். கழுத்தில் மஃப்ளரைச் சுற்றிப் படுக்கவைத்திருந்தீர்கள். ஏனென்று கேட்பதற்குள் சிரிப்பும் சண்டையும் ஆகிவிட்டது.

வேறென்ன எழுத. சோல் ராத்திரி இன்னும் மாதம் ஒருமுறை, நீங்கள் ஒரு தரம் வந்தீர்களே, அதே கிடங்கு மண்டபத்தில் நடக்கிறது. கால் வழுக்குவதற்காகத் தரையில் பவுடர் தூவிவிட்டு ஆடுவோமே, அந்தப் பவுடர் டப்பா ஜன்னலில் அப்படியே இருக்கிறது, ஆடத்தான் ஆள் இல்லை. வருகிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்று, லேபிளை எட்டிப் பார்த்து, எந்த வருடத்துப் பதிப்பு என்று விசாரிக்கிறார்கள். சிடி வந்த பிறகு தட்டு அலமாரிச் சாமானாகிவிட்டது.

தட்டை எனக்குத் தபாலில் அனுப்புங்கள். பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
வாண்டு


ஆகஸ்ட் 20

நாத்தனாருக்கு,

தட்டை அனுப்பமாட்டேன். தபாலில் உடைந்தால் நீ அழுது நாலு பக்கம் எழுதுவாய். எனக்குத் தட்டு வருமா?

எனக்கு வயதாகிவிட்டது, காது போய்விட்டது என்று சொல்லவருகிறாய். நேராகவே சொல்லலாமே. லாண்டரியில் நூறு மெஷின் ஓடும் சத்தத்தில் எந்த மெஷின் இருமுகிறது என்று இஸ்திரி மேஜையில் நின்றபடியே சொன்னவள் நான். ஆணுக்கும் பெண்ணுக்கும் வித்தியாசம் தெரியாதா எனக்கு?

சோல் பாட்டைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்காதே. சோல் என்றால் ஆன்மா என்று அர்த்தம் சொல்லிக்கொடுத்தவள் நீதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேட்டவள் நான். நீ லேபிளைப் படிப்பாய், எனக்கு அந்த எழுத்து தெரியாது, அதனால் குரலைப் படித்தேன். யார் நல்ல பாடகன் என்று என்னைக் கேட்டால் சொல்கிறேன். மெதுவாகப் பாடுகிறவன். அடிபட்டவனுக்கு அவசரம் இருக்காது. ஒரு வார்த்தையைச் சொல்லி, சொன்னது சரிதானா என்று யோசித்து, அப்புறம் அடுத்த வார்த்தைக்குப் போவான். எங்கள் வீட்டுத் தட்டுகள் எல்லாம் அப்படி. ஆரம்பத்திலேயே தொண்டையைச் செருமுகிற இருமல்காரர் இருக்கிறாரே, அவர் ஒரு வரியைப் பாடி முடிப்பதற்குள் நான் ஒரு சட்டைக் கையை மடித்துவிடுவேன். மூணு தம்பிகள் சேர்ந்து பாடும் தட்டு ஒன்று, கறுப்பு உறை, மூவருக்கும் ஒரே நாளில் வேலை போனதுபோல இருக்கும். உன் மண்டபத்தில் நான் ஒருமுறை வந்து கேட்டேனே, எல்லாம் தலைதெறிக்க ஓடின. அன்றே உன் அண்ணனிடம் சொன்னேன், "உன் தங்கச்சி வெக்கிறது டான்ஸு, நம்ம வீட்ல இருக்கிறதுதான் சோலு." அவர் சிரித்தார். நீ என்னை அந்த மண்டபத்தில் யாருக்கும் அறிமுகம் செய்துவைக்கவில்லை. அதையும் மறக்கவில்லை.

போன் விஷயம் கேட்டிருந்தாய். தூங்குகிறார் என்றால் தூங்குகிறார்தான்.

என் தட்டை அனுப்பு.


செப்டம்பர் 2

அன்புள்ள அண்ணிக்கு,

உட்கார்ந்துகொண்டு படியுங்கள். நாம் இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை.

மூணு தம்பிகள் என்று எழுதியிருந்தீர்கள். கறுப்பு உறைத் தட்டு எனக்கு நன்றாகத் தெரியும், அதுவும் என் கடையிலிருந்து வந்ததுதான். அண்ணி, அவர்கள் தம்பிகள் இல்லை. அக்கா தங்கைகள். உறையின் பின்பக்கம் மூவரும் ஒரே மாதிரி கவுன் போட்டு நிற்கிறார்கள். உறைமேல் அண்ணன் பிரவுன் பேப்பர் ஒட்டியிருப்பார், அதனால் பார்த்திருக்கமாட்டீர்கள்.

அதைப் படித்ததும் எனக்குப் பொறி தட்டியது. நீங்கள் படியிறக்கி அனுப்பினீர்களே, அப்பாவின் பெட்டி, அது மார்ச்சிலிருந்து என் கடைப் பின்னறையில் போர்வை போர்த்திக் கிடக்கிறது. தொட மனமில்லாமல் விட்டிருந்தேன். அன்று இரவே போர்வையை விலக்கினேன். புறாத் தட்டின் இன்னொரு பிரதி கடையில் இருக்கிறது. அதைப் பெட்டியில் வைத்து முள்ளைப் போட்டேன்.

ஓர் ஆண் பாடினான்! பாதாளத்திலிருந்து வருகிற மாதிரி ஒரு குரல். யாரோ தெரிந்தவர் குரல் போல இருந்தது, யாரென்று பிடிபடவில்லை. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தனியாக நின்று வாய்விட்டுச் சிரித்தேன், பாதியில் நிறுத்திவிட்டேன்.

விஷயம் இதுதான். பெட்டிக்குள் ஒரு ரப்பர் பெல்ட் இருக்கிறது. மோட்டாரிலிருந்து அதுதான் தட்டைச் சுற்றவைக்கிறது. பெல்ட் தளர்ந்தால் தட்டு மெதுவாகச் சுற்றும். மெதுவாகச் சுற்றினால் குரல் கனத்துப்போகும். பதினாறு வயதுப் பெண் ஐம்பது வயது ஆளாவாள். அக்காக்கள் தம்பிகளாவார்கள். இருமல்காரரும் நிஜத்தில் அவ்வளவு மெதுவாகப் பாடுகிறவர் இல்லை. நீங்கள் வருடக்கணக்காகக் கேட்டதெல்லாம் தளர்ந்த பெல்ட்டின் பாட்டு!

எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. கோபத்தை விடுங்கள் அண்ணி.

வாண்டு


செப்டம்பர் 10

அன்புள்ள அண்ணிக்கு,

பதில் இன்னும் வரவில்லை. சிரித்தேன் என்று எழுதியது உங்களைப் புண்படுத்தியிருக்குமோ என்று பயமாக இருக்கிறது. வாயால் சமாதானம் சொல்ல எனக்கு வராது, கையால் ஒரு வேலை செய்திருக்கிறேன்.

எங்கள் தெரு ரேடியோ ரிப்பேர்க்காரர் கெட்டிக்காரர். அவரிடம் பெட்டியைக் கொடுத்தேன். புது பெல்ட் போட்டுவிட்டார், மோட்டாருக்கு எண்ணெய் விட்டார், புது முள் வைத்தார். மரத்தை நானே பாலிஷ் போட்டுத் துடைத்தேன். மூடியில் அண்ணன் சின்ன வயதில் கீறிய கோடு மட்டும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்குத் தட்டு ஏற்றிவரும் வேன்காரர் நாளை காலை உங்கள் பக்கம் வருகிறார். அவர் கையில் அனுப்புகிறேன். இறக்கிவைத்து, ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போகவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

அது உங்கள் வீட்டுப் பெட்டிதான், எங்கள் அப்பா வாங்கியதாகவே இருந்தாலும். இனி எல்லோரும் அவரவர் நிஜக் குரலில் பாடுவார்கள். முதலில் கறுப்பு உறையைப் போட்டு அந்த மூன்று அக்காக்களைக் கேளுங்கள். கேட்டுவிட்டு என்னைத் திட்டி எழுதுங்கள்.

அன்புடன்,
வாண்டு


செப்டம்பர் 11

நாத்தனாருக்கு,

உன் கடிதத்தை ஒரு வாரம் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். பேத்தியை விட்டு இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். நீ பொய் சொல்லவில்லை. தட்டை மாற்றினாய் என்று சொன்னதை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். சிரித்ததை நீ திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது, அது கிடக்கட்டும்.

பெட்டியை எனக்கு அனுப்பு. எப்படி இருக்கிறதோ அப்படியே அனுப்பு. ஒரு திருகாணியைக்கூடத் தொடாதே. துடைக்கக்கூட வேண்டாம். உள்ளே யாரையும் கைவைக்க விடாதே.

காரணம் கேட்காதே. உடனே அனுப்பு.

அண்ணி


செப்டம்பர் 22

நாத்தனாருக்கு,

பெட்டி வந்தது. என் கடிதம் உனக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே வந்துவிட்டது. வேன்காரர் நல்ல மனிதர். நீ சொன்னபடி ஓடுகிறதா என்று பார்க்க ஒரு தட்டைக் கேட்டார். புறாத் தட்டைக் கொடுத்தேன். அவர் கேட்டுவிட்டு, "ஜோரா பாடுதும்மா பொண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனார். கதவைச் சாத்திவிட்டு நான் மறுபடி போட்டேன். மறுபடி. மூடியில் என் முகம் தெரிகிறது, அவ்வளவு பளபளப்பு.

காரணம் கேட்காதே என்றேன். இப்போது கேட்காமலே சொல்கிறேன். இனி மறைத்து ஆவது என்ன.

உன் அண்ணன் போவதற்கு இரண்டு வருடம் முன்னால் ஆஸ்பத்திரியில் அவர் தொண்டையை அறுத்தார்கள். உயிரைத் திருப்பிக் கொடுத்தார்கள், குரலை எடுத்துக்கொண்டார்கள். கழுத்தில் ஓட்டை. மூச்சு அதன் வழியாகத்தான். மஃப்ளர் அதை மறைக்கத்தான். பேத்தியின் சிலேட்டை வாங்கி அதில் எழுதிக் காட்டுவார். "வாண்டுகிட்ட சொல்லாதே. கடையப் பூட்டிட்டு வந்து உக்காந்துடுவா." அதுதான் அவர் சிலேட்டில் எழுதிய முதல் வரி. நீ போன் போட்டால் எப்படி வந்து பேசுவார்? தூங்குகிறார் என்று சொல்லாமல் நான் என்ன சொல்ல? மேலே வந்து "உன் தங்கச்சிதான்" என்பேன். தலையாட்டுவார். அன்று முழுக்கச் சிலேட்டைத் தொடமாட்டார்.

கிணற்றுக்குரலானின் குரல் அவர் குரல். அதே கனம், அதே இழுப்பு, வார்த்தையின் கடைசியில் மூச்சை விடுகிற அதே விதம். தட்டு வந்த புதிதிலேயே கேலியாகச் சொல்வேன். குரல் போன பிறகு அது கேலி இல்லை. எனக்கு அவரோடு சண்டை வந்தால் அவர் சிலேட்டில் எழுதமாட்டார். எழுந்துபோய் அந்தத் தட்டைப் போடுவார். நான் அடுப்படியிலிருந்து பதில் சொல்வேன். "ஆமா, பெரிய நியாயம் பேச வந்துட்டீங்க" என்பேன். அவன் பாடிக்கொண்டே இருப்பான். அந்த மொழி எனக்கு ஒரு சொல்கூடத் தெரியாது, அது இன்னும் வசதி. எனக்கு வேண்டியதையெல்லாம் அவர் சொல்வதாக வைத்துக்கொள்வேன். முக்கால்வாசி நேரம் மன்னிப்புதான் கேட்பார்.

மண்டபத்தில் எதற்காக அந்தப் பாட்டைக் கேட்டேன் என்று இப்போது புரிகிறதா? இரண்டு வருடம் வாய் திறக்காத மனுஷன், அன்றைக்காவது எல்லோருக்கும் முன்னால் தன் குரலில் போய்வருகிறேன் என்று சொல்லட்டும் என்று நினைத்தேன்.

அந்தக் குரல் இந்தப் பெட்டிக்குள் மட்டும்தான் இருந்தது. வேறு எங்கேயும் இல்லை. கடைசியாக அதைக் கேட்டவள் நீ. பாதியில் நிறுத்தினேன், சிரித்தேன் என்று உன் கையாலேயே எழுதியிருக்கிறாய்.

நான் முன்பே சொல்லியிருக்கவேண்டும் என்று எழுதுவாய். எழுதாதே.


அக்டோபர் 3

அண்ணி,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நான்கு தாளைக் கிழித்துவிட்டேன்.

உங்கள் 11ஆம் தேதிக் கடிதம் வந்தபோது வேன் போய் நாலு நாள் ஆகியிருந்தது. துடைக்கக்கூட வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். பாலிஷ் வாசனை அப்போதும் என் கையில் இருந்தது.

22ஆம் தேதிக் கடிதத்தைப் படித்ததும் ரிப்பேர்க்காரர் கடைக்கு ஓடினேன். பழைய பெல்ட் எங்கே என்றேன். குப்பைக்கூடையைக் காட்டினார். அப்படியே தரையில் கவிழ்த்துத் தேடினேன். "என்னம்மா, தங்கச் சங்கிலியா?" என்று கேட்டார். ஒயர்த் துண்டுகளுக்கு நடுவில் கிடைத்தது. கையில் எடுத்ததும் தார் மாதிரி விரலில் ஒட்டியது. கழற்றும்போதே அறுந்துவிட்டதாம். "இது இவ்வளவு நாள் சுத்தினதே அதிசயம், அடுத்த வாரமே தானா அறுந்திருக்கும்" என்றார். நீங்கள் நம்பமாட்டீர்கள். எனக்கும் நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை. நம்பினால் என் பாரம் குறையும், அதனாலேயே நம்பப் பிடிக்கவில்லை.

தளர்ந்த பெல்ட் வேறு ஏதாவது போட்டுத் தாருங்கள் என்று கேட்டேன். இரண்டு மூன்று போட்டுப் பார்த்தார். ஒன்றில் தட்டு வழுக்கி நின்றது. ஒன்றில் குரல் எருமை கொட்டாவி விடுகிற மாதிரி வந்தது. எவ்வளவு மெதுவாக இருக்கவேண்டும் என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை அண்ணி. நான் பாதிப் பாட்டுத்தான் கேட்டேன். அதுவும் சிரித்துக்கொண்டு.

யாரோ தெரிந்தவர் குரல் என்று எழுதியிருந்தேன். கூடப்பிறந்த அண்ணனின் குரலை எனக்கு அடையாளம் தெரியவில்லை. குரலை அடையாளம் சொல்வதுதான் என் பிழைப்பு. கண்ணைக் கட்டிவிட்டு எந்தத் தட்டைப் போட்டாலும் பாடியது யார் என்று சொல்லிப் பந்தயம் ஜெயித்தவள் நான். இந்த மாதம் சோல் ராத்திரிக்குப் போகவில்லை. கதவில் சீட்டு எழுதித் தொங்கவிட்டேன்.

எழுதாதே என்றீர்கள். ஆனாலும் எழுதுகிறேன். எனக்குச் சொல்லியிருக்கலாம் அண்ணி. கடையைப் பூட்டிவிட்டு வந்துதான் உட்கார்ந்திருப்பேன். உட்கார்ந்தால் என்ன? சிலேட்டிலாவது என்னோடு பேசியிருப்பாரே.

இன்னொன்று மனதில் குடைகிறது. அண்ணன் டிப்போவில் வாழ்நாள் முழுக்க பஸ் எஞ்சின்களுக்கு பெல்ட் மாட்டியவர். தளர்ந்த பெல்ட்டின் சத்தம் அவர் காதுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

ஒரு வழி சொல்கிறேன், பிடித்தால் செய்து பாருங்கள். சோல் ராத்திரியில் ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டின் வேகத்தோடு சேர்க்க நாங்கள் செய்வது. தட்டு ஓடும்போது அதன் விளிம்பில் விரல்நுனியை வையுங்கள். அழுத்தாதீர்கள், தடவுகிற மாதிரி. தட்டு தயங்கும், குரல் இறங்கும். எவ்வளவு இறங்கவேண்டும் என்பது உங்கள் காதுக்கு மட்டும்தான் தெரியும்.

வாண்டு


அக்டோபர் 19

வாண்டுக்கு,

உன் அண்ணனுக்குத் தெரியுமா என்று கேட்டிருந்தாய். படித்த அன்று உன்மேல் ஆத்திரம் வந்தது. செத்த மனுஷனையும் விசாரிக்கிறாளே என்று. அப்புறம் என் மண்டை சும்மா இருக்கவில்லை.

தட்டு வந்த வருடம், மழைக்காலம். லாண்டரியில் அன்று எனக்கு மணிக்கட்டில் நீராவி அடித்துவிட்டது, மேஸ்திரி பாதி நாளில் அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்தால் உன் அண்ணன் பெட்டியைக் குப்புறக் கவிழ்த்துப் பின்பலகையைக் கழற்றி வைத்திருக்கிறார். வாயில் திருகாணி. விரலை உள்ளே விட்டு எதையோ இழுத்து இழுத்துப் பார்க்கிறார். என் கையைப் பார்த்ததும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு எழுந்து வந்தார். பெட்டியை நிமிர்த்தி, நான் அழாமல் இருப்பதற்காகப் புறாத் தட்டைப் போட்டுவிட்டு மருந்து தடவினார். அன்றுதான் முதன்முதலாகச் சொன்னேன், "உங்கள மாதிரியே பாடுறானே இவன்" என்று. அவர் தடவுவதை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார்.

"பெல்ட்டு..." என்று ஆரம்பித்தார்.

"கதவுக்குப் பின்னால தொங்குது" என்றேன்.

இடுப்பு பெல்ட்டைத் தேடுகிறார் என்று நினைத்தேன், வாண்டு. அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. என்ன சிரிப்பு என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றார். போய்ப் பலகையை மூடித் திருகாணியை முடுக்கினார். மூணு தம்பிகள் தட்டு அடுத்த மாதம் வந்தது. வந்த அன்றே பிரவுன் பேப்பர் ஒட்டிவிட்டார். தூசி படியும் என்றார்.

ஆக, தெரியும். எல்லாம் தெரிந்தே வைத்திருந்தார். அப்போது நல்ல குரலோடுதான் இருந்தார், பின்னால் வரப்போவது எதுவும் தெரியாது. எனக்குப் பிடித்திருந்தது என்பதற்காக மட்டும் விட்டார். என்னை முட்டாளாக்கினாரா, என்னை ஆளாக மதித்தாரா என்று இன்னும் தீர்மானிக்கவில்லை. சில நாள் அவர்மேல் கோபமாக இருக்கிறது. பதில் சொல்லத்தான் யாரும் இல்லை.

நீ சொன்ன வித்தையைச் செய்து பார்த்தேன். ஆள்காட்டி விரல் ஆகவில்லை, இஸ்திரிப் பெட்டி பிடித்துக் காய்த்துப்போன விரல், தட்டு நின்றேவிட்டது. மோதிர விரலை வைத்தேன். குரல் இறங்கியது. பெண், பையன், வாலிபன் என்று இறங்கிவந்து, ஒரு வரி, ஒரே ஒரு வரி, அவர் வந்தார். எனக்குக் கால் தரையில் இல்லை. அடுத்த வரியில் என் கை நடுங்கியது, குரலும் நடுங்கியது. அறுத்த புதிதில் அவர் வாயைத் திறந்து திறந்து பார்த்தாரே, நீ அதைப் பார்க்கவில்லை, தொண்டை நரம்பெல்லாம் புடைத்து, காற்று மட்டும் கழுத்தில் புஸ்ஸென்று வரும், அப்படி ஒரு நடுக்கம். போன மனுஷனை மறுபடி இழுத்துவந்து சிரமப்படுத்துகிறேன் என்று தோன்றியது. விரலை எடுத்துவிட்டேன்.

தட்டு ஓடிக்கொண்டே இருந்தது. முள்ளைத் தூக்க எனக்குத் தோன்றவில்லை. அதனால் அந்தப் பெண் பாடி முடிக்கும்வரை கேட்டேன். ஒன்று சொல்கிறேன், நீ கடையில் எத்தனையோ முறை கேட்டிருப்பாய், உனக்கு இது கேட்டதா என்று தெரியவில்லை. அவள் குதிக்கவில்லை. அவளும் அழத்தான் செய்கிறாள். வேகமாக அழுகிறாள், அவ்வளவுதான். யாரோ கிளம்பிவிட்டார்கள், படி இறங்குவதற்குள் சொல்லி முடிக்கவேண்டும் என்பதுபோல. மெதுவாகப் பாடுகிறவன்தான் அடிபட்டவன் என்று உனக்கு எழுதினேன். அது தப்பு. தப்பு என்று இனிமேல் ஞாபகப்படுத்தாதே.

இப்போது தினமும் மாலையில் போடுகிறேன். போட்டால் விரல் தானாகத் தட்டின் பக்கம் போகிறது. நேற்று இரண்டு தடவை வைத்துவிட்டேன், இரண்டு தடவையும் அந்த நடுக்கம்தான். அப்புறம் விடியும்வரை தூக்கம் இல்லை. என் கையை என்னால் பிடித்துவைக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உன் கடை மூடித்தானே இருக்கும். வா. மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வராதே, அதெல்லாம் இல்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து, பாட்டு முடியும்வரை என் கையைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும்.

அண்ணி